மார்ஃபியின் 12-வது நகர்வு: எந்த யானை, எந்தப் பக்கம்?

1858-ல் பாரிஸ் ஓபரா அரங்கில் 21 வயது பால் மார்ஃபி ஒரு சதுரங்க ஆட்டத்தை வெள்ளைக் காய்களோடு ஆடினார். எதிரே பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஆடினார்கள். அந்த ஆட்டம் என்றாலே 16-வது நகர்வில் ராணியைப் பலி கொடுத்ததைத்தான் பேசுவார்கள். எனக்கு 12-வது நகர்வுதான் பெரிது.

அப்போதைய நிலை இது (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை). மார்ஃபி இரண்டு சிப்பாய்களுக்கு ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறார். அவருடைய ராணி பி3-ல், பிஷப்கள் பி5, ஜி5-ல். கறுப்பு ராஜா இ8-ல், ராணி இ7-ல். டி7 குதிரை ராஜாவுக்கு முன்னும் எஃப்6 குதிரை ராணிக்கு முன்னும் ‘பின்’ (pin) ஆகிக் கிடக்கின்றன, அதாவது அவை விலகினால் பின்னால் நிற்கும் காய் தாக்குதலுக்கு ஆளாகும். வெள்ளையின் யானைகள் இரண்டும் இன்னும் மூலையில். டி வரிசை திறந்திருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது ஏ1 யானையை நேராக டி1-க்குக் கொண்டுவருவது. டி7-ஐ உடனே குறிவைக்கிறது, சரிதான். ஆனால் வெள்ளை ராஜா இ1-லேயே நிற்கிறது. கறுப்பு ராணி பி4-க்கு வந்தால் செக். பதில் சொல்லியே ஆக வேண்டும், ராணிகளும் மாறிவிடும். டி7 குதிரை ‘பின்’ ஆகியிருப்பதால் கொடுத்த குதிரையைத் திரும்பப் பெற வாய்ப்புண்டு. ஆனால் தாக்குதல் போய்விடும்.

ராஜா பக்கம் கேஸ்லிங் (ஒரே நகர்வில் ராஜா ஓரம் ஒதுங்கி, யானை அதைத் தாண்டி வருவது) செய்தால்? ராஜா பத்திரம். ஆனால் யானை போய் நிற்பது எஃப்1-ல், டி வரிசைக்கு இன்னொரு நகர்வு வேண்டும். இந்த நிலையில் ஒரு நகர்வு மிகப் பெரிய விலை.

மார்ஃபி செய்தது ராணி பக்கம் கேஸ்லிங். ராஜா இ1-ஐ விட்டுப் போனது, யானை டி1-க்கு வந்தது, எல்லாம் ஒரே நகர்வில்.

இரண்டு கேஸ்லிங்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே நகர்வுத் தொடரால் சோதிக்கலாம், பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு ராணி பி4-க்கு வருகிறது. வெள்ளை ஜி5 பிஷப்பால் எஃப்6 குதிரையை எடுக்கிறது. கறுப்பு பி3-ல் ராணியை எடுக்கிறது. வெள்ளையின் இன்னொரு பிஷப் டி7-ல் எடுத்து செக். ராஜா பக்கம் கேஸ்லிங் செய்திருந்தால் கறுப்பு ராஜா அந்த பிஷப்பைத் தின்றுவிடும். ராணி பக்கம் செய்திருந்தால் டி1 யானை பிஷப்புக்குக் காவல், எஃப்6 பிஷப் இ7-ஐயும் டி8-ஐயும் அடைத்திருக்கிறது. அது மேட், ராஜாவுக்குத் தப்ப வழியே இல்லை! முதன்முறை இதை நகர்த்திப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

உண்மையில் கறுப்பு யானையை டி8-க்குக் கொண்டுவந்தது. மார்ஃபி டி1 யானையால் டி7 குதிரையை எடுத்தார், கறுப்பு யானை அதைத் திரும்ப எடுத்தது. உடனே எச்1 யானை காலியான டி1-க்கு வந்தது. 17-வது நகர்வில் டி8-ல் மேட் வைத்தது அந்த யானைதான். அப்போதும் கறுப்பின் எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் நின்ற கட்டத்தைவிட்டு நகர்ந்திருக்கவே இல்லை.