தமிழ் வகுப்பைத் திரும்பிப் பார்க்க: குறிப்பேடா, ஒலிப்பதிவா, சக ஆசிரியரா?

தன் வகுப்பு எப்படிப் போகிறது என்று அறிய மொழி ஆசிரியருக்கு மூன்று வழிகள் உண்டு. பாடம் முடிந்ததும் குறிப்பேட்டில் எழுதலாம், கைபேசியில் ஒலிப்பதிவு செய்து கேட்கலாம், சக ஆசிரியரை வகுப்பில் உட்காரச் சொல்லலாம். காரைக்குடிப் பக்கம் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கும் நான் பிடித்துக்கொண்டது ஒலிப்பதிவைத்தான்.

குறிப்பேடு எளிது, செலவும் இல்லை. ஆனால் நினைவில் நின்றது மட்டுமே அதில் ஏறும். ‘இன்று நன்றாகப் போனது’ என்ற வரியை வைத்துக்கொண்டு மறுநாள் எதையும் மாற்ற முடியாது.

கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது நம் நினைவில் தங்குவதே இல்லை. என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். அது 3 நொடியானபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்புகளை. மொழி வகுப்புக்கு இது இன்னும் அவசியம் என்பேன். வீட்டில் ‘வாளைப்பளம்’ என்று பேசும் பிள்ளை ழகரத்துக்கு நாக்கை வளைக்கவும், வாக்கியத்தை மனதுக்குள் கட்டவும் அந்த நொடிகள் வேண்டும். ‘நம்ம ஊர் வீடுகளில் நடுவில் ஏன் வளவு (திறந்த முற்றம்) விட்டார்கள்?’ என்று கேட்டால் முதலில் வருவது ‘வெளிச்சம்’ என்ற ஒற்றைச் சொல். கொஞ்சம் பொறுத்தால், ‘மழைத்தண்ணி பிடிக்கலாம், விசேஷமும் அங்கேயே நடத்தலாம்’ என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வருகிறது. இந்த வித்தியாசம் பதிவில் அப்படியே கேட்கிறது.

முழுப் பாடவேளையையும் கேட்க யாருக்கு நேரம்? கேள்வி பதில் நடக்கும் பத்து நிமிடம் போதும். கைபேசியை ஆசிரியர் மேசையில் வைக்காமல் நடுபெஞ்சில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் குரல்தான் பதிவாகும். தலைமையாசிரியரிடமும் பிள்ளைகளிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். கேட்டதும் அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது.

அப்புறம், சக ஆசிரியர். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை ஒலிப்பதிவில் சிக்காது, இன்னொருவர் கண்ணில் சிக்கும். ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவருடைய வகுப்பை யார் பார்ப்பது? நான் இதை அதிகம் செய்து பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வாரம் ஒரு பதிவில் ஆரம்பிக்கலாம். கேட்டு முடித்ததும், அடுத்த வகுப்பில் எந்தக் கேள்விக்குக் காத்திருக்கப் போகிறோம் என்பதை மட்டும் பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.