லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ சாப்பாடு: வண்டியா, மேசையா, நட்சத்திரமா?

லாஸ் ஏஞ்சல்ஸில் நல்ல மெக்சிகோ உணவகம் எது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, மெக்சிகோவின் எந்த மாநிலத்துச் சமையல் வேண்டும் என்பதைத்தான். 1848 வரை மெக்சிகோவைச் சேர்ந்திருந்த ஊர் இது. வாஹாகாக்காரர்கள், ஹாலிஸ்கோக்காரர்கள், யுகடான்காரர்கள், சொனோராக்காரர்கள் என்று பலரும் தங்கள் ஊர்க் கைப்பக்குவத்தோடு இங்கே அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். கைபேசியில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் போனால், எல்லா மாநிலத்து உணவையும் ஒரே பட்டியலில் அடைத்து, மேலே உருக்கிய சீஸைக் கொட்டித் தரும் கடையில் போய் நிற்க நேரிடும். பெயர்ப் பலகையில் ஒரு மாநிலத்தின் பெயர் இருக்கிறதா, வந்திருப்பவர்களில் பாதிப் பேராவது ஒரே பண்டத்தை வாங்குகிறார்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை ஆம் என்றால் துணிந்து நுழையலாம்.

குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட என் முதல் தேர்வு கெலகெட்சா. வாஹாகாவிலிருந்து வந்த ஃபெர்னாண்டோ லோபெஸ் 1994இல் தொடங்கியது. இப்போது பிள்ளைகள் நடத்துகிறார்கள். கொரியாடவுனில், ஒலிம்பிக் சாலையில், முன்பு கொரிய உணவகமாக இருந்த கட்டடத்தில் இருக்கிறது. அமெரிக்க உணவகங்களுக்கு விருது வழங்கும் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை 2015இல் 'அமெரிக்காவின் செவ்வியல் உணவகங்கள்' விருதை இதற்குக் கொடுத்தது. இங்கே சாப்பிட வேண்டியது மோலே நேக்ரோ. மிளகாயைக் கருகும் எல்லை வரை வறுத்து, எள், கொட்டைகள், கிராம்பு, பட்டை, சாக்லேட் எல்லாம் சேர்த்து அரைத்து, நெடுநேரம் கிளறிச் செய்யும் கருங்குழம்பு. முதல் வாயில் இனிப்பு தட்டும். பிறகு வறுத்த மிளகாயின் கசப்பு, கடைசியில் தொண்டையில் மெல்லிய உறைப்பு. நன்றாகச் சுண்டிய வத்தக்குழம்பை விரும்பும் நாக்குக்கு இந்தக் கசப்பு அந்நியமாகத் தெரியாது. மிளகாய் மெக்சிகோவிலிருந்து நமக்கு வந்தது. கிராம்பும் பட்டையும் ஆசியாவிலிருந்து அவர்களுக்குப் போயின. சாக்லேட் என்றதும் இனிப்புப் பண்டம் என்று நினைத்துத் தயங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இதற்கு நேர் எதிர்முனையில், பாயில் ஹைட்ஸ் பகுதியில், அதே ஒலிம்பிக் சாலையின் கிழக்குப் பக்கத்தில் மாரிஸ்கோஸ் ஹாலிஸ்கோ என்ற உணவு வண்டி நிற்கிறது. இங்கே ராஜா, இறால் டாகோ. டோர்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டிக்குள் இறால் பூரணத்தை வைத்து மடித்து, எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து, மேலே அவகாடோத் துண்டுகளை வைத்துத் தக்காளி சால்சாவை ஊற்றித் தருகிறார்கள். சூடான டோர்டியா ஓடு, குளிர்ந்த சால்சா, வெண்ணெய் போன்ற பழம் மூன்றும் ஒன்றாக வாய்க்குள் போக வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஓடு ஊறிப்போய்விடும். வசதி என்று பார்த்தால் கெலகெட்சாவுக்குப் பக்கத்தில்கூட இது வர முடியாது. நடைபாதையோரம் நின்று சாப்பிட வேண்டியதுதான். ஆனால் ஒரு கடி, ஒரு சுவை என்ற கணக்கில் நகரத்தில் எனக்கு இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை.

மூன்றாவது, தென்கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அருகில் மெர்காடோ லா பலோமா என்ற சந்தைக்குள் இருக்கும் ஹோல்போஷ். ஹில்பெர்ட்டோ செட்டினாவின் கடலுணவுக் கடை. சிறந்த உணவகங்களுக்கு மிஷலின் கையேடு தரும் நட்சத்திரத்தை 2024இல் பெற்றது. நட்சத்திரம் வாங்கிய பிறகும் பொதுக்கூடத்தில் வரிசையில் நின்று ஆர்டர் கொடுக்கும் இடமாகவே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கணவாய் மையில் வதக்கிய மசாலாவோடு வரும் ஆக்டோபஸ் டாகோ, எலுமிச்சையும் மிளகாயும் தூக்கலாக இருக்கும் பச்சைக் கடலுணவு அகுவாசிலே இரண்டையும் விட்டுவிடக் கூடாது. சமையல் நுணுக்கத்தில் மூன்றில் இதுவே முதல். பச்சை மீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் பாதிப் பட்டியல் வீண்.

நகர மையத்தில் இருக்கும் சொனோராடவுன், கோதுமை டோர்டியாவுக்கும் கரியடுப்பில் சுட்ட மாட்டிறைச்சிக்கும். மக்காச்சோளம்தான் அசல், கோதுமை அமெரிக்கக் கலப்படம் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கடையைத்தான் காட்டுவேன். சொனோரா கோதுமை விளையும் வடக்கு மாநிலம், அங்கே இதுதான் அசல். 1923இல் தொடங்கிய எல் சோலோ என்ற உணவகத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். அது கலிஃபோர்னியாவில் வேர்விட்ட பழைய மெக்சிகோச் சமையல். கோடையில் வரும் பச்சைச் சோளத் தமாலேக்காக (மாவை மட்டையில் பொதிந்து அவிப்பது) போகலாம். நகரத்தில் ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால் அதை அங்கே செலவிட மாட்டேன்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க: பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் சோற்றைக் கோழிச் சாறில் வேகவைப்பதும் பல மெக்சிகோ அடுக்களைகளில் வழக்கம். சொனோராடவுன் டோர்டியாவிலும் கொழுப்பு உண்டு. மோலேயிலும் கோழிச் சாறு சேரலாம். "மன்டேகா (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா?" என்று கேட்டால் எந்தக் கடையிலும் புரிந்துகொள்வார்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால், மதியம் முன்கூட்டியே வண்டிக்குப் போய் இரண்டு இறால் டாகோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவு கெலகெட்சாவில் மோலேக்கு வயிற்றில் இடம் வேண்டும். தனியாகப் போகிறவர், கடலுணவுப் பிரியர் என்றால் இரவுக்கு ஹோல்போஷ். அங்கே கடை மூடும் நேரத்தையும் வரிசையையும் கணக்கில் வைத்துக் கிளம்ப வேண்டும்.