ஊரில் கார் ஓட்ட: சாட்நாவா, கைப்பேசியா?

ஊருக்குப் போய், டிரைவர் வைக்காமல் தாமே வண்டி ஓட்ட நினைக்கும் நண்பர்கள் கேட்பது இதைத்தான்: இங்கே இங்கிலாந்தில் காரில் ஒட்டி வைத்திருக்கும் சாட்நாவை (வழி காட்டும் ஜிபிஎஸ் டப்பா) கழற்றிக் கொண்டுபோகலாமா, இல்லை கைப்பேசியே போதுமா? 2025 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து போனபோது இரண்டையும் எடுத்துப் போனேன். சென்னையில் செல்ஃப் டிரைவ் கார் எடுத்து, கும்பகோணம் பக்கம் எங்கள் கிராமம், அப்புறம் திருச்சி, கோவை வழியாக ஊட்டி என்று ஒரு சுற்று. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாட்நாவ் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, மேசை டிராயரில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனை எடுத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவின் முதல் சிக்கல் வரைபடம். இங்கே வாங்கும் கருவிகளில் பெரும்பாலும் பிரிட்டன், ஐரோப்பா வரைபடங்கள்தான் இருக்கும். இந்திய வரைபடத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். என்னுடையது கார்மின் கம்பெனிக் கருவி என்பதால், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் இலவச வரைபடத்தை ஏற்றிக்கொண்டேன். ரோடுகளைப் பொறுத்தவரை அது நன்றாகவே இருந்தது. வாடகைக் காரிலேயே ஒரு நேவிகேஷன் திரையும் இருந்தது. அது வேறு கதை. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பகுதி 50 கிலோமீட்டர், 2025 ஜூலையில்தான் முறைப்படி திறந்து வைத்தார்கள். பழைய ரோட்டில் ஊர் ஊராக நுழைந்து, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போனவர்களுக்குத்தான் இந்தப் புது ரோட்டின் அருமை தெரியும். காரின் திரையிலோ அப்படி ஒரு சாலையே இல்லை. கொள்ளிடம் தாண்டும்வரை எங்கள் வண்டி வயல்காட்டுக்குள் போவதாகவே காட்டிக்கொண்டிருந்தது. “திரும்பவும்” என்று வேறு ஓயாமல் சொன்னது. வண்டி கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தால், மேப் அப்டேட் எல்லாம் தங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். வண்டி எடுக்கும்போது டயரைப் பார்ப்பதோடு இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோடு தெரிந்தால் மட்டும் போதாது, போகும் இடம் தெரிய வேண்டும். இங்கிலாந்தில் ஒரு போஸ்ட்கோடு அடித்தால் சில வீடுகள் தூரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிடும். நம் ஊர் பின்கோடோ ஒரு தபால் வட்டாரம் முழுவதற்கும் ஒன்றுதான். கதவு எண்ணிலும் பழசு ஒன்று, புதுசு ஒன்று. டப்பாவில் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். திருவிடைமருதூரை எத்தனை விதமாக அடிக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். புதூர் என்று அடித்தால் மாவட்டத்துக்கு நாலு வந்து நிற்கும். கைப்பேசியில் தமிழிலேயே தட்டலாம், வாயால் சொன்னாலும் பிடித்துக்கொள்கிறது. கூகுள் மேப்ஸ் 2018-லிருந்து தமிழில் வழியும் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரில் இப்போது யாரும் முகவரி சொல்வதில்லை. “லொகேஷன் போடுறேன்” என்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே மண்டபத்துக்குப் போகும் வழிக்கு க்யூஆர் கட்டம் அச்சடித்து வருகிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு புள்ளியை டப்பாவுக்குள் ஏற்றுவதற்கு நான் எண்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு சித்தப்பா மகன் சொன்னான்: “அண்ணா, நீங்க தட்டி முடிக்கறதுக்குள்ள நாம போயே சேர்ந்துடலாம்.” அதற்கப்புறம் டப்பா பைக்குள் போய்விட்டது.

அதற்காகக் கைப்பேசி சொல்வதெல்லாம் வேதம் என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையின் ஜிஎஸ்டி ரோட்டிலோ திருச்சி பைபாஸிலோ மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் ஒட்டியே ஓடுகின்றன. செயற்கைக்கோளை வைத்து இடம் கணிப்பதில் சில மீட்டர் பிசகு எப்போதும் உண்டு. நீங்கள் பாலத்தின் மேலே இருக்கிறீர்களா, பக்கத்தில் கீழே இருக்கிறீர்களா என்பது எந்தக் கருவிக்கும் உறுதியாகத் தெரியாது. 2024-ல் கூகுள் இந்திய நகரங்கள் பலவற்றில் “மேம்பாலத்தில் ஏறவும்” என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது. கார்களைக் குறுகிய சந்துக்குள் விடாமல் தவிர்க்கும் வசதியையும் அப்போதே அறிவித்தார்கள். ஆனால் அந்தச் சந்து வசதிக்கான முதல் பட்டியலில் தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் மட்டுமே. கும்பகோணத்தில் கோயில் தெருக்களுக்குள் அது தாராளமாக உள்ளே அனுப்பும். எதிரே ஒரு மினி லாரி வந்தால் யார் பின்னால் போவது என்பதைத் தெருவே கூடித் தீர்மானிக்கும்.

டெல்டாவில் இன்னொன்று. காவிரி பிரிந்து பிரிந்து அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு என்று போகிற நாட்டில், பாதி ரோடுகள் ஆற்றங்கரைமேலும் வாய்க்கால் கரைமேலும்தான் ஓடுகின்றன. மேப் கணக்கில் அது மெயின் ரோட்டைவிட இரண்டு நிமிடம் குறைவு. நேரிலோ ஒரு வண்டி அகலம், இருபுறமும் சரிவு, தடுப்பு கிடையாது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாயிற்று என்றால் ஆகஸ்டில் கீழே தண்ணீரும் இருக்கும். பைக்கில் போகிறவனுக்கு அருமையான வழி. இரவில் காரில் குடும்பத்தோடு போகிறவனுக்கு இல்லை. நான் வைத்துக்கொண்ட பழக்கம் இது: கிளம்பும் முன்பு முழு வழியையும் பெரிதாக்கிப் பார்த்து, நடுவில் இரண்டு பெரிய ஊர்களை நிறுத்தங்களாகச் சேர்த்துவிடுவேன். அப்போது கருவி குறுக்கே பாய முடியாது. நிமிடக் கணக்கை நம்பி வழி மாறாதீர்கள். உத்தரப்பிரதேசத்தில் பரேலி அருகே 2024 நவம்பரில், மேப் காட்டிய வழியில் போய்ப் பாதி இடிந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தது நினைவிருக்கலாம்.

கூகுள் ஒன்றுதான் என்றும் இல்லை. மேப்மைஇந்தியா என்ற இந்திய நிறுவனத்தின் மேப்பில்ஸ் செயலி, வேகத்தடை, பள்ளம், அபாய வளைவு எல்லாம் வரும்முன் எச்சரிக்கிறது. சென்னை ஐஐடியும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் சேர்ந்து 2021-ல் இந்த எச்சரிக்கை வசதியைக் கொண்டுவந்தன. வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையில் இரவில் ஒருமுறை பறந்தவர்கள் இதன் மதிப்பை அறிவார்கள். எல்லா வேகத்தடையும் அதில் இல்லை, இருந்தாலும் உதவி.

இனி, டப்பாவிடம் இருந்து போன் கற்க வேண்டியவை. முதலாவது சூடு. ஐபோனை 35 டிகிரி வெப்பம் வரைக்கும்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மதியம் கண்ணாடியில் ஒட்டி, சார்ஜும் போட்டு, மேப்பும் ஓட்டினால் சற்று நேரத்தில் திரை மங்குகிறது. பிறகு சூடு தணியட்டும் என்று ஒரேயடியாகப் படுத்துவிடுகிறது. கார் டப்பா காருக்கென்றே செய்தது, அவ்வளவு சீக்கிரம் அசராது. போனுக்கு வழி எளிது: கண்ணாடியில் ஒட்டும் பிடிப்பானை விட்டுவிட்டு, ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் பிடிப்பான் வாங்குங்கள். ஊரில் எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும்.

இரண்டாவது சிம். வெளிநாட்டு பாஸ்போர்ட்டும், இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையும் வைத்திருப்பவர்களுக்கு உள்ளூர் சிம் வாங்குவது இன்னும் ஒரு தனி வேலைதான். நான் போன கடையில் ஓசிஐ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். “நாளைக்கு வாங்க சார்” என்றார்கள். சிம் உயிர்பெறும்வரை கையில் டேட்டா இல்லை. ஆனால் ஜிபிஎஸ் வேலை செய்ய டேட்டா வேண்டியதில்லை. செயற்கைக்கோள் சிக்னல் இலவசமாக வானிலிருந்து வருகிறது, டேட்டா தேவைப்படுவது வரைபடத்துக்கும் போக்குவரத்து நிலவரத்துக்கும்தான். கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் தமிழ்நாடு முழுவதையும் இறக்கி வைத்துவிட்டால் சிம் இல்லாத போன்கூட வழிகாட்டும். கூகுளில் பகுதி பகுதியாக இறக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியில் மாநில அளவில் கிடைக்கிறது.

மூன்றாவது, தனியாக இருப்பது. ஓட்டும்போது வழியைக் காட்டும் திரையில் மாமாவின் வீடியோ கால் வந்து குதிக்கக் கூடாது. வங்கி ஓடிபி வரும் இங்கிலாந்து சிம் ஒரு போனிலும், வரைபடம் இன்னொரு போனிலும் இருந்தால் தலைவலி இல்லை. பழைய போன் என்று சொன்னது இதற்காகத்தான். வரைபடங்களை இறக்கி, வேறு செயலி எல்லாம் நீக்கி, பிடிப்பானில் மாட்டிவிட்டால் அதுவே உங்கள் சாட்நாவ். போக்குவரத்து நிலவரம் வேண்டும்போது மற்ற போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் போதும். 2020 அக்டோபரிலிருந்து இந்திய மோட்டார் வாகன விதிகள் வழி பார்ப்பதற்காகக் கருவியைப் பயன்படுத்த அனுமதிக்கின்றன, கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. கையில் பிடித்துப் பேசுவது குற்றம்தான். கூடவே சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் மறக்க வேண்டாம். இந்தியாவுக்கு 1949 உடன்படிக்கைப்படி தரும் வகை வேண்டும். இங்கிலாந்தில் இப்போது பேபாயின்ட் கடைகளில் 5.50 பவுண்டுக்குக் கொடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள், கார்மின் இன்ரீச் போன்றவை, இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருக்கக் கூடாதவை. மலையேறப் போகிறோம் என்று கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டவர்கள் உண்டு. சாதாரண கார் சாட்நாவ் அந்த வகையில் சேராது.

நீலகிரியில் டப்பாவை மறுபடி வெளியே எடுத்தபோது, இரண்டு கருவியும் ஒன்றுபோலவே தடுமாறின. 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு அது. மலை ஏறும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதுமலைக்குள் சிக்னல் போய்ப்போய் வரும், அங்கே இறக்கி வைத்த வரைபடம்தான் காப்பாற்றியது. பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுப்பாதை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு வழி கேட்டால், போன், டப்பா இரண்டுமே கல்லட்டி இறக்கத்தைக் காட்டின. 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான சரிவு. பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்ப் பல விபத்துகள் நடந்த ரோடு. வெளியூர் வண்டிகள் அதில் கீழே இறங்க அனுமதி இல்லை. கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றித்தான் போக வேண்டும், தூரம் இருமடங்குக்கு மேல். “மேப்ல காட்டுதே சார்” என்று எனக்கு முன்னால் நின்றவர் செக்போஸ்டில் வாதாடினார். போலீஸ்காரர் அவருடைய போனைப் பார்க்கவே இல்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார். நீலகிரி வண்டிகளுக்கு உரிய டிஎன் 43 இல்லை. என்னுடையதோ கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து, வாடகை வண்டி என்று தூரத்திலேயே தெரியும். அவர் கை காட்டுவதற்கு முன்பே வண்டியைத் திருப்பினேன்.