மாஸ்டர் ஹெல்த் செக்கப்பா, வீடு தேடி வரும் பரிசோதனையா?

நாற்பதைத் தாண்டிய ஒருவர் மாரடைப்பு வருமுன் காத்துக்கொள்ள நினைத்தால், தமிழ்நாட்டில் அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தனியார் மருத்துவமனைகளின் மாஸ்டர் ஹெல்த் செக்கப். வெறும் வயிற்றுடன் காலையில் போனால் ரத்தப் பரிசோதனை, இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), ட்ரெட்மில் (ஓடுபட்டையில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜி) எல்லாம் முடித்துத் தடித்த கோப்போடு வீடு திரும்பலாம். மற்றொன்று, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். இதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, நோய் உறுதியானவர்களுக்கு மாதாமாதம் மாத்திரையும் தருகிறார்.

கோப்பின் தடிமனைப் பார்த்தால் முதலாவதே மேல் என்று தோன்றும். ஆனால் 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேலான பங்கை ஒன்பதே காரணிகளால் விளக்கிவிடலாம் என்று காட்டியது. புகை, கெட்ட கொழுப்பு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், உடலுழைப்பின்மை, காய்கறி பழக் குறைவு, மது ஆகியவை தொடர்பான அந்தப் பட்டியலில் எதையும் கண்டறிய எக்கோவோ ட்ரெட்மில்லோ தேவையில்லை.

எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ட்ரெட்மில் பெரிதாக உதவுவதுமில்லை. ரத்த ஓட்டத்தையே தடுக்கும் அளவுக்கு இதய ரத்தக் குழாய் சுருங்கியிருந்தால்தான் அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். மாரடைப்புகளில் பலவோ, பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருபவை. ஆகவே 'நார்மல்' என்ற முடிவை நம்பி சிகரெட்டைத் தொடர்பவர், காசு கொடுத்துப் பொய்யான நிம்மதியை வாங்கியிருக்கிறார். இதற்கு நேர்மாறாக, இல்லாத அடைப்பை இருப்பதுபோல் காட்டி, தேவையற்ற ஆஞ்சியோகிராம் வரை இழுத்துச் செல்வதும் உண்டு.

வீட்டுப் பரிசோதனைக்கும் குறை இருக்கிறது. கொழுப்பின் அளவை அது சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தே ஆகவேண்டும். ரத்த அழுத்தத்தையும் பார்க்கிற விதத்தில் பார்க்க வேண்டும்: ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமீது வைத்து, சட்டைத் துணியின்மேல் இல்லாமல் வெறும் கையில் பட்டையைச் சுற்றி, பேசாமல் இருக்கும்போது எடுத்த அளவுதான் நம்பகமானது. அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றபடியே கையை நீட்டினால் வரும் 150-ஐ வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. (பரபரப்பான மருத்துவமனை வரிசையிலும் இதே தவறு நடக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.)

இவ்வளவும் இருந்தும் நான் இரண்டாவது வழியின் பக்கமே நிற்கிறேன். ஏனென்றால் அங்கே பரிசோதனை மாத்திரையோடும் அடுத்த மாத வருகையோடும் சேர்ந்தே வருகிறது. நடுத்தர வயதில் மேல் அளவு ரத்த அழுத்தம் 20 புள்ளி கூடும்போது இதய நோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பதால், ஆண்டுக்கொருமுறை அறிக்கை வாங்கி அலமாரியில் வைப்பதைவிட, அந்த எண்ணைத் தொடர்ந்து கட்டுக்குள் வைத்திருப்பதே பலன் தரும்.

மாத்திரையா, பழக்க மாற்றமா என்ற கேள்வியும் அடிக்கடி எழுகிறது. புகையை விடுவதற்கு ஈடான மாத்திரை கிடையாது. உப்பை உலக சுகாதார அமைப்பு சொல்லும் 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் நிறுத்த வேண்டுமென்றால், குழம்பில் மட்டும் குறைத்தால் போதாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை நல்லது, ஆனால் 160-இல் நிற்கும் அழுத்தத்தை அது மட்டுமே இறக்கிவிடும் என்று நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

தந்தைக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் மட்டும் கணக்கு சற்று மாறும். கொழுப்பு மாத்திரையைத் தொடங்குவதா வேண்டாமா என்று மருத்துவரே தயங்கும் நிலையில், முழு மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் பதிலாக, இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவை அளக்கும் சிடி ஸ்கேன் ஒன்றைப் பற்றி அவரிடம் கேட்கலாம்.