வீட்டுக்குள் மிளகாய்ச் செடி, மாதம் இருமுறை கவாத்து, 7,400 ரூபாய்: ஏமாந்தவன் எழுதுகிறேன்

நேற்று மாலை ஐந்தே முக்கால் மணிக்கு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பெண், "உங்க புகாரை முடிச்சு வச்சுட்டோம் சார்" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். யாரைக் கேட்டு முடித்தீர்கள் என்று நான் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது. அந்தச் சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். வீட்டுக்குள் மிளகாய்ச் செடி வைத்துப் பராமரித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் இணையவழிச் சேவையிடம் 7,400 ரூபாயை இழந்திருக்கிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, மிளகாய்ச் செடியைக் கவாத்து செய்யும், அதாவது நுனியையும் கிளைகளையும் அளவாக வெட்டிவிடும், முறையைக் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது மதுரை கோச்சடையில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில். தளம் ஒழுகுகிறது என்று காரணம் காட்டி மொட்டை மாடியில் தொட்டி வைக்கச் சங்கத்தார் அனுமதிப்பதில்லை. பால்கனியோ துணிக்கொடிக்கே போதாது. ஆகவே பொங்கல் முடிந்த வாரத்தில் கைப்பேசியில் அந்த விளம்பரம் வந்தபோது, கூடத்து மூலையில் விளக்கொளியில் காய்த்துக் குலுங்கிய செடியைப் பார்த்து மயங்கிவிட்டேன். நான்கு நாற்று, தொட்டி, தென்னை நார்க்கழிவு கலந்த மண், செடி வளர்க்கும் எல்இடி விளக்கு எல்லாம் சேர்த்து 3,200 ரூபாய். மாதம் இருமுறை ஆள் வந்து கவாத்து செய்து, பூச்சி பார்த்து, உரமிட்டுப் போவதற்கு ஆறு மாதங்களுக்கு 4,200 ரூபாய். ஆக மொத்தம் 7,400, முழுவதும் முன்பணம்.

இருந்தாலும் விளம்பரத்தைப் பார்த்த மாத்திரத்தில் நான் பணம் கட்டிவிடவில்லை. தொலைபேசியில் பேசிய இளைஞர் எடுத்த எடுப்பில், "சார், உங்க கூடத்து ஜன்னல் எந்தத் திசையைப் பார்த்திருக்கு?" என்று கேட்டார். வடக்கு என்றேன். "அப்படின்னா நேர் வெயில் வராது, விளக்கு பதினாலு மணி நேரம் எரியணும், காத்து இல்லாத அறையில மகரந்தம் உதிராது, அதனால பூ வந்ததும் காம்பை விரலால லேசாத் தட்டி விடணும்" என்று தயங்காமல் சொன்னார். இரண்டும் சரியான தகவல்கள். மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடிய செடி என்றாலும், அசைவில்லாத அறைக்குள் பூக்கள் காய் பிடிக்காமல் கொட்டிப்போவது உண்டு. இரண்டு காந்தாரியும் இரண்டு பூத் ஜோலோக்கியாவும் தருவதாகச் சொன்ன அவர், பூத் ஜோலோக்கியா 2007ஆம் ஆண்டில் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவில் ஏறியதையும் சேர்த்துச் சொன்னார். தேடிப் பார்த்தேன், அதுவும் உண்மையாகவே இருந்தது. முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து, ரசீதைத் திருப்பிப் பாராமல் கையெழுத்திடாத நான், ஜன்னலின் திசையைக் கேட்ட ஒரே காரணத்துக்காக அன்றிரவே 7,400 ரூபாயை அனுப்பினேன்.

தை மாதக் கடைசியில் பெட்டி வந்தது. நாற்றுகள் ஒரு சாண் உயரத்தில் பார்க்க நன்றாகவே இருந்தன. விளக்கின் மேல் 45 வாட் என்று அச்சிட்டிருந்தது. மின்பணியாளரான என் மைத்துனர் ஒருநாள் அளந்து பார்த்துவிட்டு, "மச்சான், இது ஒன்பது வாட்டைத் தாண்டல" என்றார். அதற்குள் செடிகள் வெளிச்சம் தேடிக் கணுவுக்குக் கணு நீண்டு, நூல் போன்ற தண்டுடன் நெட்டையாகச் சாயத் தொடங்கியிருந்தன. பதினைந்தாம் நாள் வர வேண்டிய பராமரிப்பு ஆள், எட்டு முறை அழைத்த பிறகு நாற்பதாம் நாள் வந்தார். வந்தவர் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தரியை எடுத்து, துடைக்கக்கூட இல்லாமல், நான்கு செடிகளையும் நான்கு விரற்கடை உயரத்துக்கு வெட்டித் தள்ளினார். மூன்றில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. நான்காவதில் அடியிலிருந்த சிறு பக்கக்கிளை ஒன்று அவர் கண்ணில் படாமல் தப்பியது. "இப்பதான் சார் புதருமாதிரி வெடிச்சு வரும், தினமும் ஒரு லிட்டர் தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடத்தில் போய்விட்டார். அவர் வந்தது அந்த ஒரு முறைதான்.

தண்டு முற்றிக் கட்டையான பழைய செடியை, நல்ல வெளிச்சமும் இருந்தால், ஆழமாக வெட்டித் துளிர்க்க வைப்பது உண்டு. பச்சைத் தண்டுள்ள இளஞ்செடிக்கு, அதுவும் ஒன்பது வாட் வெளிச்சத்தில் தவிக்கும் செடிக்கு, அந்த வைத்தியம் பொருந்தாது. இலை இல்லாத செடி தண்ணீரை இழுக்காது என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை; சொன்னபடி தினமும் ஊற்றினேன், வேர் அழுகி மூன்றும் பங்குனி முடிவதற்குள் போய்விட்டன. கமுதிப் பக்கம் மானாவாரியில் முண்டு மிளகாய் போடும் என் மாமனார் வந்து பார்த்துவிட்டு, "வானம் பாத்த பூமியில விளையுற செடிக்கு ஒரு லிட்டரா மாப்பிள்ளை?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? விலையை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் அழைப்பில் "டிக்கெட் போட்டிருக்கோம்" என்றார்கள். இரண்டாம் வாரத்தில், உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார்கள். மூன்றாவதாகப் பேசியவர், மதுரை வெயிலுக்கு மிளகாய் தாங்காது என்று விளக்கம் கொடுத்தார். வெயிலே படாத வடக்கு ஜன்னல் அறையில், அவர்கள் கொடுத்த விளக்கின் கீழ் செத்த செடிக்கு மதுரை வெயில் மேல் பழி. ஜன்னல் எந்தத் திசை என்று கேட்டுக் குறித்துக்கொண்ட அந்த இளைஞரிடம் பேச வேண்டும் என்றேன். அவர் விற்பனைப் பிரிவு, இங்கே மாற்ற முடியாது என்றார்கள். நடக்காத பதினோரு வருகைகளுக்கு, வருகைக்கு 350 ரூபாய் வீதம் 3,850 ரூபாயையாவது திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியே கேட்டேன். அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளுமாறு 300 ரூபாய்க் கூப்பன் ஒன்று வந்தது.

தப்பிப் பிழைத்த அந்த ஒரே செடியை மாடிப்படியின் கிழக்கு ஜன்னலில் வைத்தேன். காலை வெயில் பட்டதும் அது துளிர்த்து, வைகாசியில் பூத்து, ஆனியில் காய்த்தது. தொட்டியில் செருகியிருந்த அட்டையில் காந்தாரி என்று இருக்கிறது. காந்தாரிக் காய் சிறியதாக, வானத்தைப் பார்த்து நிற்கும். இது விரல் நீளத்துக்குத் தடித்துக் கீழே தொங்குகிறது. கடித்தால் காரமே இல்லை. பஜ்ஜி மிளகாய். ஒட்டன்சத்திரம் பக்கத்து நாற்றங்காலில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் நாற்றுக்கும் சேர்த்துத்தான் நான் 7,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அந்தக் காயின் படத்தை அனுப்பியதற்குத்தான் நேற்றைய பதில்: புகாரை முடித்துவிட்டார்கள்.

கவாத்து முறையை விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். நாற்றில் ஆறு முதல் எட்டு இலைகள் வந்ததும் நுனியை ஒரு கணுவுக்குச் சற்று மேலே கிள்ளிவிட்டால் போதும், பக்கக்கிளைகள் தாமாக வரும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாரையும் வெட்ட விடாதீர்கள், கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்காதவரைச் செடிப் பக்கமே விடாதீர்கள். வெட்டிய பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். சத்துக் குறைவு என்று சொல்லி டானிக் விற்க வருவார்கள், வாங்காதீர்கள். விளக்கை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். ஆறு மாதப் பணத்தை ஒரே தவணையில் கட்டாதீர்கள், வருகைக்கு வருகை கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை புகாரைப் பதிவு செய்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது: "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?"