பழைய லெப்டொப் வாங்கும் முன் பயோஸைத் திறந்து பாருங்கள்

ஹட்டன் டவுனில் பழைய லெப்டொப் விற்கிற ஒரு கடையில் எங்களை ஏமாற்றிவிட்டார்கள். கடையின் பெயரைப் போடவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டுக் கணினி பழுதானால் கைவசம் இன்னொன்று இருக்கட்டும் என்று லெனோவோ கம்பனியின் திங்க்பேட் டி450 ஒன்றை 48,000 ரூபாவுக்கு எடுத்தோம். ஐந்தாம் தலைமுறை இன்டெல் ஐ5 புரொசசர், 8 ஜிபி ரெம். விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவதுதான் திட்டம். படிப்புக்கும் சூமுக்கும் இந்த மெஷின் தாராளமாகப் போதும். இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லித்தான் வாங்கினோம். "தாராளமா போடலாம் தம்பி, ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார்.

மஸ்கெலியாவுக்குக் கொண்டுவந்து மின்ட் உள்ள பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து தொடங்க எஃப்12 அழுத்தினால் ஒன்றும் வரவில்லை, நேரே விண்டோஸுக்குப் போய்விட்டது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போக எஃப்1 அழுத்தினால் கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பூட்டுப் படம், பக்கத்தில் கடவுச்சொல் கேட்கும் கட்டம். பயோஸை வேறு யாரும் மாற்றாதபடி வெளிநாட்டுக் கம்பனிகள் தங்கள் மெஷின்களுக்குப் போடும் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் அது. கழித்துவிட்ட மெஷின்கள் மொத்தமாக விற்பனைக்கு வரும்போது பூட்டும் கூடவே வந்துவிடும். திங்க்பேடில் இதை மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று லெனோவோவே சொல்கிறது. மதர்போர்டில் இருக்கிற சின்ன பெட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருட்டு மெஷினிலும் இதே பூட்டு இருக்கலாம், அதுதான் எனக்கு இன்னும் பயம்.

அடுத்தது பெட்டரி. டி450இல் இரண்டு உண்டு: பின்னால் கழற்றக்கூடியது ஒன்று, உள்ளே மறைந்திருப்பது இன்னொன்று. வெளியே தெரிவதைப் புதிதாக மாட்டிக் காட்டினார்கள். விண்டோஸின் கமாண்ட் விண்டோவில் powercfg /batteryreport என்று அடித்து பெட்டரி ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் உள்ளேயிருப்பது செத்துக் கிடக்கிறது. மழை பெய்தால் கரண்ட் போகிற தோட்டப் பக்கத்தில் இது சின்ன விஷயமா?

திருப்பிக் கொண்டுபோனோம். "விண்டோஸ் ஓடுதுதானே, பிறகென்ன?" என்று அதே மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போர்ட் மாற்ற வேண்டுமானால் தனிக் காசாம். ரசீதில் "லெப்டொப் 1" என்று மட்டும் எழுதியிருந்ததால், இது எங்கள் கடைச் சாமான்தானா என்றுகூடக் கேட்டார். பிள்ளையின் படிப்புக்காகச் சேர்த்த காசு அது. எனக்கு வயிறு எரிந்தது.

நீங்கள் வாங்கப் போனால் காசு கொடுக்கும் முன்னே மெஷினை அணைத்து, மறுபடி போட்டு, பயோஸுக்குள் போய்ப் பாருங்கள். திங்க்பேட் என்றால் எஃப்1, மற்றவற்றில் பெரும்பாலும் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட். பென் டிரைவில் மின்ட் கொண்டுபோய்க் கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பார்க்கலாம். ரசீதில் மொடலும் தொடர் இலக்கமும் கட்டாயம் இருக்க வேண்டும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும், இதே கடையில் மாட்டியவர்கள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.