கியர்பாக்ஸ் ஸ்பீடு சென்சார்: உடனே மாற்றுவதா, சோதித்துவிட்டு மாற்றுவதா?

ஆட்டோமேட்டிக் கார் ஒரே கியரில் நின்றுகொண்டு மேலே ஏற மறுக்கிறது, எஞ்சின் லைட் எரிகிறது, ஸ்கேனர் போட்டால் பி0720 என்று வருகிறது. பலரும் அந்த நிமிடமே புது சென்சார் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த வழியில் வேகம் உண்டு, மறுக்கவில்லை. சென்சார் கியர்பாக்ஸின் வெளியே இருந்தால் ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோட், கியர்பாக்ஸிலிருந்து வெளியே போகும் ஷாஃப்ட்டின் வேகத்தை அளக்கும் அவுட்புட் ஸ்பீடு சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான் சொல்கிறது. வயரும் கனெக்டரும் சர்க்யூட்டில் சேர்த்திதான். நான் பார்த்த ஒரு காரில் புது சென்சார் போட்டும் அதே கோட் திரும்ப வந்தது. கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின் முழுக்கக் களிம்பு பிடித்திருந்தது!

மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், முதலில் வயரை எண்ண வேண்டும். இரண்டு வயர் என்றால் பெரும்பாலும் உள்ளே காந்தமும் காயிலும் (கம்பிச் சுருள்) தான், கனெக்டரைக் கழற்றிவிட்டு சென்சார் பக்கம் ஓம் (மின்தடை) அளந்தால் சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்குள் வர வேண்டும், அளவே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புலத்தை உணரும் எலக்ட்ரானிக் சென்சார், அதில் ஓம் அளந்து பயனில்லை. இக்னிஷனை ஆன் செய்து வயரிங் பக்கம் 5 அல்லது 12 வோல்ட் சப்ளை வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். சப்ளையே வரவில்லை என்றால் சென்சார் மேல் பழி போட வேண்டாம்.

விட்டுவிட்டு வரும் கோளாறு மீட்டரில் சிக்காது. அதற்கு ஸ்கேனரின் லைவ் டேட்டாதான் சரி: ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஆர்பிஎம்மைக் கவனிக்க வேண்டும். கார் சீராக ஓடும்போதே அவுட்புட் ஆர்பிஎம் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் சிக்னல் அறுபடுகிறது. கியர்பாக்ஸுக்குள் வரும் இன்புட் ஷாஃப்ட், வெளியே போகும் அவுட்புட் ஷாஃப்ட் இரண்டின் ஆர்பிஎம்மும் சீராக இருந்து, கியர் விகிதம் மட்டும் பொருந்தாவிட்டால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் எத்தனை சென்சார் மாற்றினாலும் வீண்.

என்னைக் கேட்டால் சோதனைதான் முதலில். அதிலும் சில கார்களில் சென்சார், கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியோடு உள்ளேயே இருக்கும். ஆயில் பேனை இறக்காமல் கை வைக்க முடியாது. அங்கே யூகத்தில் மாற்றுவது பெரிய நஷ்டம்.

கழற்றியதும் சென்சாரின் முனையைப் பாருங்கள். மாவு போன்ற கறுப்புத் தூள் ஒட்டியிருந்தால் துடைத்துப் பூட்டிச் சோதிக்கலாம், கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சிம்பு இருந்தால் கியர்பாக்ஸையே பார்க்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஓ-ரிங்கில் (ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு சொட்டு டிரான்ஸ்மிஷன் ஆயில் தடவ மறக்காதீர்கள்.